ஸ்டீரிங் இல்லாத வலது பக்கம்

1

போன வாரம் மளிகைக் கடை வாசலில் நிறுத்தியிருந்த என் காரின் வலது கதவைத் திறந்தேன். உட்கார்ந்தேன். கைப்பையைப் பக்கத்து சீட்டில் போட்டேன். பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கையை நீட்டி ஸ்டீரிங்கைத் தேடினேன். காணோம். யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வளர்ந்தவளுக்கு அப்படித்தான் தோன்றும். திரும்பிப் பார்த்தால் ஸ்டீரிங் என் கைப்பைக்கு முன்னால் சௌக்கியமாக இருக்கிறது. இன்றைக்குக் கைப்பைதான் ஓட்டிக்கொண்டு போகப்போகிறது போலிருந்தது.

பக்கத்துக் காரில் இருந்த வெள்ளைக்கார அம்மாள் என்னைப் பார்த்தார். அவர் மடியில் இருந்த நாயும் பார்த்தது. இப்படிப்பட்ட நேரத்தில் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி உண்டு. எதிரே இருக்கும் சின்னப் பெட்டியைத் திறந்து, எதையோ தேடுவதுபோலத் தேடி, ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்து, ஒழுகாத மூக்கைத் துடைத்துக்கொண்டு, இறங்கிச் சுற்றிப் போனேன். அந்த அம்மாள் நம்பினார். நாய் நம்பவில்லை.

நான் இந்த நாட்டுக்கு வந்து அன்றோடு பதினான்கு வருஷம். அதைக் கொண்டாட கேக் செய்யலாம் என்று முட்டையும் மைதாவும் வாங்கப் போயிருந்தேன். பதினான்கு வருஷம் கழித்து எந்தக் கதவு என்னுடையது என்பதே மறந்துபோயிற்று என்றால், அதற்குக் காரணம் போன மாதம் சித்தூரில் நான் கார் ஓட்டிய ஒரே ஒரு நாள். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேராக விஷயத்துக்கு வருவது எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை.

2

ஊரில் இருக்கும் உங்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இங்கே அமெரிக்காவில் வண்டிகள் ரோட்டின் வலது பக்கம் போகும். ஓட்டுகிறவர் காரின் இடது பக்கம் உட்காருவார். நம் ஊரில் எல்லாம் தலைகீழ். சட்டப்படி ரோட்டின் இடது பக்கம், நடைமுறையில் எந்தப் பக்கம் காலியாக இருக்கிறதோ அந்தப் பக்கம்.

என் வீட்டுக்காரருக்கு இங்கே ஒரு கார் கம்பெனியில் வேலை. காரையே அவர்தான் செய்கிறார் என்று சித்தூரில் பேச்சு. சீட்டை முன்னும் பின்னும் தள்ளுவதற்கு அடியில் ஒரு தண்டவாளம் இருக்கிறதே, அதில் வரும் ஒரு போல்ட்டின் நீளத்தைப் பற்றி ஆறு வருஷமாக மீட்டிங் போய்க்கொண்டிருக்கிறார். ஒருநாள் சாப்பிடும்போது, டிரைவர் ஏன் நடுவில் உட்காராமல் ஓரமாக உட்காருகிறார் என்று அவரிடம் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். சாம்பார் ஆறிப்போயிற்று.

அவர் சொன்னதன் சாரம் இது. ரோட்டின் நடுக்கோடு எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கம் டிரைவர் உட்கார வேண்டும். அப்போதுதான் முன்னால் போகிற வண்டியைத் தாண்டும்போது, தலையைக் கொஞ்சம் சாய்த்தால், எதிரே என்ன வருகிறது என்று தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. ஆரம்ப காலத்தில் ஆளாளுக்கு ஒரு பக்கம் ஸ்டீரிங் வைத்தார்கள். பிறகு புத்தி வந்து மாற்றிக்கொண்டார்கள். இஞ்சினும் அப்படித்தான். முதலில் சீட்டுக்கு அடியில், பின்னால், கிடைத்த இடத்திலெல்லாம் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில், காற்று முகத்தில் அடித்தால் சூடு தணியும், திறந்து ரிப்பேர் செய்ய வசதி, பின்னால் ஆட்களுக்கும் மூட்டைக்கும் இடம் கிடைக்கும், மோதினால் முதல் அடியை அது வாங்கிக்கொள்ளும் என்று பெரும்பாலும் முன்னால் கொண்டுபோய் வைத்தார்கள்.

எல்லாம் சரிதான். ஆனால் இவர் சித்தூரை மறந்துவிட்டுப் பேசுகிறார். நம் ஷேர் ஆட்டோவில் இஞ்சின் பின்னால், டிரைவர் நடுவில். இடதா வலதா என்ற சண்டையே இல்லை. அவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆள் உட்கார்ந்த பிறகு, டிரைவர் சீட்டில் டிரைவருக்கு இருப்பது ஒரு கை அகல இடம். பழைய பஸ்ஸில் இஞ்சின் டிரைவர் பக்கத்திலேயே மூடிபோட்டு இருக்கும், அதன்மேல் நான்கு பெண்கள் உட்காருவார்கள். நாராயணவனம் கல்யாணத்துக்கு ஒரு தடவை அப்படிப் போய், பட்டுப்புடவையோடு வெந்து வந்தேன். மூக்கே இல்லாத வேன் ஒன்று இருந்தது. அதில் இஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். மோதினால் முதல் அடியை வாங்குவது முழங்கால். இதையெல்லாம் எந்த மீட்டிங்கில் வைத்து முடிவு செய்தார்கள் என்று கேட்டேன். அவர் சாம்பாரைச் சூடு பண்ணித் தரச் சொன்னார்.

3

என் நைனா, அதாவது அப்பா, வாடகைக் கார் டிரைவர். சித்தூரிலிருந்து திருப்பதி, திருமலை, காணிப்பாக்கம், வேலூர் ஆஸ்பத்திரி. முப்பத்தைந்து வருஷம் இதே நான்கு ஊர். முதலில் ஒரு அம்பாசிடர், பிறகு அந்த மூக்கில்லாத வேன். அம்பாசிடரில் முன்சீட்டு பெஞ்சு மாதிரி நீளமாக இருக்கும். மொட்டை போடப் போகும் குடும்பம் என்றால் முன்னால் மட்டும் நான்கு பேர். கதவுக்கு வெளியே பாதி உடம்பை வைத்துக்கொண்டு மலை ஏறியவர் அவர். டிரைவர் எங்கே உட்கார வேண்டும் என்பதை அவருக்கு எந்த இஞ்சினியரும் முடிவு செய்யவில்லை. பார்ட்டியின் தலை எண்ணிக்கை முடிவு செய்தது.

என் தம்பி மோகனுக்குப் பதினெட்டு ஆனதும் நைனா அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். சீசன் இல்லாத மாதங்களில் மாங்கூழ் ஃபேக்டரி பக்கத்து ரோடு காலியாகக் கிடக்கும். அங்கேதான் வகுப்பு. அப்போது எனக்கு இருபது. நானும் போவேன், பின்சீட்டில், டிபன் கேரியருக்குத் துணையாக. மோகன் கிளட்ச்சை விடும்போதெல்லாம் வண்டி ஆடு மாதிரி துள்ளும். நைனா திட்டுவார். அந்தத் திட்டிலிருந்தே நான் கியர் போடக் கற்றுக்கொண்டேன்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "நைனா, நானும் ஒரு ரவுண்டு ஓட்டறேனே."

"நீ இன்னாத்துக்கு பாப்பா ஓட்டணும்? உனுக்கு வர்றவன் ஓட்டுவான். நீ பக்கத்துல குந்திகினு போ. அதுவும் முன்சீட்டுதான்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எனக்கு வந்தவர் ஓட்டினார், உண்மைதான். ஆனால் நைனா சொன்ன "அதுவும் முன்சீட்டுதான்" என்பது மட்டும் இத்தனை வருஷமாக எனக்கு ஜீரணமாகவில்லை. நான் படித்ததற்கோ, வேலைக்குப் போனதற்கோ, விமானம் ஏறியதற்கோ அவர் குறுக்கே நிற்கவில்லை. ஸ்டீரிங் மட்டும் ஆகாது. எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. நான் ஓட்டும் வண்டியில் அவர் ஒருநாள் நிம்மதியாக வர வேண்டும். பாராட்ட வேண்டாம். அவர் யாரையும் பாராட்டி நான் பார்த்ததில்லை.

4

இந்த ஊரில் கார் இல்லாமல் கொத்தமல்லி கூட வாங்க முடியாது. வந்து மூன்று வருஷம் வீட்டுக்காரரின் சனிக்கிழமைகளை நம்பிக் கொத்தமல்லி வாங்கினேன். அப்புறம் லைசென்ஸுக்குப் போனேன். அந்த அலுவலகத்தில் இருப்பிடத்துக்குச் சான்று கேட்டார்கள். கரண்டு பில் வீட்டுக்காரர் பெயரில். கேஸ் பில் வீட்டுக்காரர் பெயரில். நான் இந்த ஊரில் இருக்கிறேன் என்பதற்கு ஒரே சாட்சி, நான் எதிரே நின்றுகொண்டிருந்ததுதான். அது செல்லாது என்றார்கள். கடைசியில் பல் ஆஸ்பத்திரி என் பெயருக்கு அனுப்பிய கடிதம் செல்லுபடியானது. பல் வலித்தால்தான் இந்த நாட்டில் ஆள் இருப்பதாக அர்த்தம்.

முதல் தேர்வில் ஹாரனால் தோற்றேன். நம் ஊரில் வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிப்பது மரியாதை. வருகிறேன், நகர்ந்துகொள் என்று சொல்வது. இங்கே அது கெட்ட வார்த்தை. நான் பதினொரு வளைவில் பதினொரு தடவை மரியாதை செய்தேன். தேர்வு வைத்தவர் இறங்கும்போது அவர் கை நடுங்கிற்று.

இரண்டாவது தேர்வுக்கு முதல் நாள் ஊருக்கு ஃபோன் செய்தேன். நைனாவுக்கு நான் ஓட்டுவதில் இஷ்டம் இல்லை. ஆனால் ஒரு வண்டி முக்கியமான வேலைக்குக் கிளம்புகிறது என்றால் அவரால் சும்மா இருக்க முடியாது.

"சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சிட்டு எடு," என்றார்.

வைத்தேன். தேர்வு வைக்க வந்த வெள்ளைக்காரர் என் காரின் விளக்குகளையெல்லாம் பார்த்துவிட்டு, ஃபாரம் எடுக்க உள்ளே போன நேரத்தில், சக்கரங்களுக்கு முன்னால் பழத்தைச் செருகிவிட்டு நல்ல பிள்ளையாக வந்து உட்கார்ந்துகொண்டேன். அவர் ஏறினார். எடுக்கச் சொன்னார். எடுத்தேன். பச்சக் என்று சத்தம். நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய் குனிந்து பார்த்தார். எந்த மிருகம் என்று தேடினார் போலிருக்கிறது. நான் திருஷ்டி என்பதை ஆங்கிலத்தில் விளக்க முயன்றேன். அவர் மிகவும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புறப்படும்போதே ஒரு பொருளின் மேல் வண்டியை ஏற்றினார்" என்று எழுதினார். ரோட்டுக்கே போகாமல் தேர்வில் தோற்ற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அன்றைக்கே நைனாவிடம் ஃபோனில் பொரிந்து தள்ளினேன். அவர் அமைதியாகக் கேட்டார்.

"நாலு சக்கரத்துக்கும் வெச்சியா?"

"வீட்டுல மூணுதான் நைனா இருந்துச்சு."

"அதான்," என்றார்.

மூன்றாவது தடவை பழமும் ஹாரனும் இல்லாமல் ஜெயித்தேன். அட்டை தபாலில் வந்தது. நம் வழக்கப்படி எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான். அதனால் அட்டையில் பெரிய எழுத்தில் முனிரத்தினம் என்று இருந்தது. பெண்ணுக்கு எதற்கு ஸ்டீரிங் என்றவர் பெயரில் இந்த அரசாங்கம் எனக்கு வண்டி ஓட்ட அனுமதி கொடுத்திருந்தது. ஃபோட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினேன். முகம் வீங்கியிருக்கிறதே, சாப்பிடுகிறாயா என்று மட்டும் பதில் வந்தது.

5

மூன்று வருஷத்துக்கு முன்னால் நைனா இங்கே வந்தார். விமான நிலையத்துக்கு நான்தான் போயிருந்தேன். நான்தான் ஓட்டினேன். இந்த வாக்கியத்தை எழுத எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

பெட்டியை ஏற்றிவிட்டு, பழக்க தோஷத்தில், அவர் நேராக வலது பக்கம் போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்த பக்கம். எதிரே ஸ்டீரிங் இல்லை. வெறும் பலகையைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு, "இன்னா பாப்பா, என் இடத்துல ஒண்ணுமே இல்ல," என்றார்.

பெரிய ரோட்டில் ஏறினதும் அவருடைய வலது கால் வேலையை ஆரம்பித்துவிட்டது. முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால் போதும், காலடிப் பாய்விரிப்பைப் பிரேக் மாதிரி அழுத்துவார். எனக்குப் பிரேக் போட வேண்டிய அவசியமே வராதபடி அவர் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டார். கை, தலைக்கு மேலே இருக்கும் பிடியைப் பிடித்தது, வீடு வரும்வரை விடவில்லை. விமானத்தில் முப்பதாயிரம் அடி உயரத்தில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு வந்தவர்.

மறுநாள் எங்கள் புதுக் காருக்குப் பூஜை. அது பேட்டரியில் ஓடுகிற கார். மஞ்சள், குங்குமம், கற்பூரம் எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு நைனா பானெட்டைத் திறந்தார். உள்ளே இஞ்சின் இல்லை. சுத்தமான ஒரு காலிப் பெட்டி. அதில் என் மகள் நித்யாவின் பந்து விளையாடும் ஷூ இருந்தது.

"இஞ்சின் எங்க?"

வீட்டுக்காரர் உற்சாகமாகிவிட்டார். "மோட்டார் சக்கரத்துகிட்ட இருக்கு மாமா. பேட்டரி கீழ, தரையோட தரையா."

"அப்ப இந்த மூக்கு இன்னாத்துக்கு?"

"மோதினா நசுங்கறதுக்கு. அடி உள்ள இருக்கறவங்களுக்கு வராம இது வாங்கிக்கும்."

"நசுங்கறதுக்குன்னே ஒண்ணு செஞ்சி வெச்சிகிறானா?" நைனா கொஞ்சம் யோசித்தார். "நல்ல ஏற்பாடுதான். எங்க வேன்ல அந்த வேலைய நான் செஞ்சேன்."

சொல்லிவிட்டுக் காலிப் பெட்டிக்கே கற்பூரம் காட்டினார். ஷூவுக்கும் ஒரு பொட்டு கிடைத்தது. இல்லாத இஞ்சினுக்குச் செய்யலாம், இருக்கிற டிரைவருக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது.

மூன்று வாரத்துக்குப் பிறகு அவர் என் காரில் ஏறுவதையே நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை ஓட்டினால் வருவார். நான் சாவியை எடுத்தால் அவருக்கு முதுகு வலிக்கும். ஒருநாள் பாலுக்கென்று நடந்தே கிளம்பினார். இங்கே நடைபாதையும் கிடையாது, நடக்கிறவர்களும் கிடையாது. வேட்டி கட்டிய ஒருவர் ரோட்டோரம் நடந்து போனால் யாராவது போலீஸுக்கு ஃபோன் செய்துவிடுவார்கள். செய்தார்கள். போலீஸ்காரர் மரியாதையாக ஏற்றிக்கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார். நான் பதறிக்கொண்டு ஓடினேன்.

நைனா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "போலீஸ்காரன் நல்லா ஓட்றான்."

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. கோபம் என்று வீட்டில் நினைத்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

6

நித்யாவுக்குப் பதினாறு ஆனதும் அவளும் லைசென்ஸ் எடுத்தாள். முதல் தடவையிலேயே. எலுமிச்சம்பழம் வேண்டுமா என்று கேட்டேன். ஜூஸ் வேண்டாம் என்றாள்.

இங்கே பிள்ளைகள் கைவிட்டுப் போவது ஒரே நாளில் நடக்கிறது. நேற்றுவரை பள்ளிக்கூடம், நீச்சல், தோழி வீடு எல்லாவற்றுக்கும் நான் வேண்டும். கார் ஓட்டும் நேரத்தில்தான் என்னிடம் பேசுவாள். பின்னால் உட்கார்ந்துகொண்டு, கண்ணைப் பார்க்கத் தேவையில்லாததால், எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். அட்டை வந்த மறுநாள் அவள் வாயும் மூடிக்கொண்டது. சாவியை எடுத்துக்கொண்டு "பை" என்றாள். எனக்கு இப்போது எங்கேயும் போக வேண்டிய வேலை இல்லை. கொத்தமல்லியைக் கூட அவளே வாங்கிவருகிறாள், பார்க்க அதே மாதிரி இருக்கும் பார்ஸ்லியாக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். முன்னால் ஒரு லாரி. எனக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், நிதானமாகத்தான் போனாள்.

"அம்மா," என்றாள். "உன் கால்."

குனிந்து பார்த்தேன். என் வலது கால் பாய்விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. எத்தனை நேரமாக என்று தெரியாது.

"தாத்தா மாதிரியே பண்றே. ஐ கேன் சீ, அம்மா. உனக்குத்தான் தெரியல."

பதினாறு வயதுப் பெண் சொல்லித்தான் எனக்கு அது உறைத்தது. நைனாவுக்கு என் மேல் இளக்காரம் என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இருக்கலாம், அதுவும் இருக்கும். ஆனால் ரோடு தெரியாத பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கால் சும்மா இருக்காது. அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். போலீஸ்காரன் விஷயம் அப்படியேதான் இருந்தது.

7

போன மாதம் சித்தூர் போனேன். நைனா திருமலை போக வேண்டும் என்றார். தரிசன டிக்கெட்டை மோகன் மூன்று மாதம் முன்பே ஆன்லைனில் போட்டு வைத்திருந்தான். குறித்த தேதி, குறித்த நேரம், பகல் ஒரு மணி. மாற்ற முடியாது. அந்தத் தேதியில் ஊரெல்லாம் முகூர்த்தம் என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. மோகன் இப்போது வாடகைக் கார் வைத்து ஓட்டுகிறான். முந்தின நாளே அவனும் அவனுடைய டிரைவரும் ஆளுக்கொரு கல்யாணப் பார்ட்டியோடு போய்விட்டார்கள். வீட்டில் மிச்சம் இருந்தது ஒரு சின்னக் காரும், நானும்.

"நான் ஓட்டறேன்," என்றேன்.

ஃபோனில் மோகன் சிரித்தான். "க்கா, நம்ம ரோடு. உங்க ஊரு மாதிரி கோடு போட்டு வெச்சிருக்க மாட்டான்."

நைனாவுக்குக் கண்பார்வை சரியில்லை என்று லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. டிக்கெட்டைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். "சரி, ஏறு," என்றார். நான் முன்பக்கத்து இடது கதவைத் திறந்துவைத்தேன். அவர் அதைக் கவனிக்காத மாதிரி பின்கதவைத் திறந்து, பின்சீட்டில் இடது ஓரத்தில் உட்கார்ந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. நம் ஊரில் பின்சீட்டு பார்ட்டிக்கு. முன்னால் இருப்பவர் டிரைவர். பெற்ற மகளோடு சரிசமமாக முன்னால் உட்காரக் கூட அவருக்கு மனமில்லை என்று நினைத்தேன்.

"ஏன் நைனா, முன்னாடி வர மாட்டியா?"

"முன்னாடி குந்திகினா என் காலு சும்மா இருக்காது பாப்பா. உனுக்கும் தொந்தரவு, எனுக்கும் தொந்தரவு. நீ போ."

போனேன். முதல் திருப்பத்தில் இண்டிகேட்டர் போட்டேன், வைப்பர் ஆடியது. இரண்டாவது திருப்பத்திலும் ஆடியது. நம் ஊர்க் காரில் அந்தக் குச்சிகள் இரண்டும் இடம் மாறி இருக்கின்றன. மழையே இல்லாத சித்தூரில், ஒவ்வொரு தெருமுனையிலும் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பினேன். நைனா ஒவ்வொரு தடவையும் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டார். 

பெரிய ரோட்டில் வேலை நடக்கிறது என்று பழைய ரோட்டில் திருப்பிவிட்டிருந்தார்கள். மாம்பழ சீசன். ஃபேக்டரிக்குப் போகும் டிராக்டர் ஒன்று, மலைபோல் மாங்காய் ஏற்றிக்கொண்டு எனக்கு முன்னால் உருண்டது. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரனால் என்னைத் தள்ளினார்கள். நான் நடுக்கோட்டுப் பக்கம் தலையைச் சாய்த்தேன். வீட்டுக்காரர் சாம்பாரை ஆறவைத்துச் சொன்னது நிஜம்தான். எனக்கு ரோடு முழுக்கத் தெரிந்தது. பின்சீட்டில் இடது ஓரத்தில் இருந்த நைனாவுக்குத் தெரிந்தது மாங்காய் மட்டும்.

"பாப்பா, இன்னா வருது?" என்று கேட்டார்.

முப்பத்தைந்து வருஷம் அவரிடம்தான் மற்றவர்கள் இதைக் கேட்டிருக்கிறார்கள். அவர் யாரிடமும் கேட்டதில்லை.

"பஸ்ஸு வருது நைனா."

"வுடு, போவட்டும்."

பஸ் போயிற்று.

"இப்ப?"

"ஒரு பைக்கு. தூரத்துல கீது. போலாம்."

"போ," என்றார். எட்டிப் பார்க்கவில்லை. நான் தாண்டினேன். இண்டிகேட்டர் போட்டேன், வைப்பர் ஆடியது. 

மலையடிவாரத்தில், அலிபிரியில் சோதனை. எல்லாரும் இறங்கி, பையைக் கொடுத்து, மறுபடி ஏற வேண்டும். நான் அமெரிக்காவில் வாங்கிவந்த சர்வதேச ஓட்டுநர் அனுமதியைக் காட்டினேன். சாம்பல் நிற அட்டை போட்ட சின்னப் புத்தகம், உள்ளே ஃபோட்டோ ஒட்டியது. போலீஸ்காரர் புரட்டிப் பார்த்து, இது என்ன என்று தெலுங்கில் கேட்டார்.

"ஏந்தம்மா இதி? பாஸ் புக்கா?"

விளக்கினேன். அவருக்குத் திருப்தி இல்லை. காருக்குள் குனிந்து பார்த்தார். பின்னால் நைனா மட்டும். டிரைவர் எங்கே என்று அவரிடம் கேட்டார். "பெத்தாயனா, டிரைவர் எக்கட?"

நைனா விரலால் என்னைக் காட்டினார். "ஈமே சார் டிரைவரு."

இவள்தான் டிரைவர். இருபத்து நான்கு வருஷம் கழித்து, அதுவும் தெலுங்கில், ஒரு போலீஸ்காரர் கேட்டதால். நல்ல வார்த்தையை நேராக என்னிடமே சொன்னால் எங்கள் வம்சத்துக்கு என்ன ஆகிவிடும் என்று தெரியவில்லை. ஆனாலும் அந்தப் புத்தகத்தைத் திரும்ப வாங்கி, பையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

மலைப்பாதையில் ஏறுவதற்கு ஒரு ரோடு, இறங்குவதற்கு வேறு ரோடு. எதிரே வண்டியே வராது. சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் அபராதம் போடுகிற ரோடு உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். வளைவுகளுக்கு முன்னால் மரியாதையாக ஹாரன் அடித்தேன், யாருடைய கையும் நடுங்கவில்லை. ஒவ்வொரு வளைவையும் நைனா எத்தனை ஆயிரம் தடவை திரும்பியிருப்பார். இப்போது ஏதாவது சொல்லுவார், கியரைப் பற்றி, பிரேக்கைப் பற்றி என்று காத்துக்கொண்டே ஏறினேன். பின்னாலிருந்து சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்க்கவும் பயம்.

மேலே போய், நிழலாக ஒரு இடம் பார்த்து நிறுத்தினேன். அப்போதுதான் திரும்பினேன். அவர் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கால் இரண்டும் செருப்பை விட்டுவிட்டு அப்படியே கிடந்தன.

மோகன் ஃபோன் செய்தான்.

"க்கா, எங்க கீற? ஒண்ணும் ஆவலியே?"

"மேல வந்துட்டோம்."

"நைனாகிட்ட குடு."

"தூங்கறாரு."

"ரூம் போட்டு படுக்க வெச்சியா?"

"இல்லடா, கார்லதான். அலிபிரி தாண்டினதுல இருந்தே போல."

அந்தப் பக்கம் கல்யாண மேளம் கேட்டது.

"சும்மா கண்ண மூடிகினு இருப்பாரு, நல்லா பாரு," என்றான். "என் வண்டில இருவது வருசமா ஒரு நாளும் அவரு கண்ணு மூடினதில்ல. வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஜுரத்தோட போறச்ச கூட முழிச்சிகினேதான் வந்தாரு. பொய் சொல்றே."

 ஃபோனைப் பின்சீட்டுக்கு நீட்டினேன். இஞ்சின் நின்றபின் கேட்கத் தொடங்கிய நைனாவின் குறட்டை நிதானமாக, ஒரே சீராக இருந்தது. மோகன் முழுக்கக் கேட்டான். பிறகு, "சரி, வையி," என்றான்.

பாவம். அவனுக்காக மனதார வருத்தப்பட்டேன். டிக்கெட்டில் போட்டிருந்த நேரத்துக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அதில் பதினைந்து நிமிஷம் நான் அவரை எழுப்பவில்லை.